ஆயுளை மீறிய அரசு ஈக்கள்

கொழிஞ்சாம்பாறையில் பொள்ளாச்சி பஸ் ஏறி, மூன்றாவது கள்ளுக்கடை தாண்டியதும் இறங்கினால் எதிரே ஒரு மஞ்சள் கட்டிடம் நிற்கும். மூப்பு ஒழிப்பு ஆய்வு நிலையம். கிழடுகளைப் பிடித்து ஒழிக்கிற இடம் என்று நினைத்து, திறந்த புதிதில் ஊரில் வயசானவர்கள் அந்தப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை. முதுமையைப் பூண்டோடு அழிப்பதே லட்சியம் என்று வாசலில் கல்வெட்டு இருந்தது. முதல் மழையிலேயே அதில் பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. நிலையம் செய்த முதல் ஆராய்ச்சி, அந்தக் கல்வெட்டுக் காண்டிராக்டரைத் தேடியதுதான்.

நான் அங்கே ஆபீஸ் சூப்பிரண்டு. இப்போது ஓய்வு பெற்றவன். எனக்கு மெமோ கொடுக்க இனி பூமியில் எவனுக்கும் அதிகாரமில்லை. ஆகையால் நடந்ததை நடந்தபடியே, கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்.

தினமும் காலை பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் கொடிக்கம்பத்தடியில் கையை நீட்டி உறுதிமொழி எடுக்க வேண்டும். "நான் மூப்படைய மாட்டேன். தவறிப்போய் மூப்படைந்தால் அதை உரிய வழியாக மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன்." இதை எழுதியவர் இயக்குநர் டாக்டர் வெங்கிடாசலம். எருமைக் கொம்பில் இருக்கும் வளையங்களை எண்ணி டாக்டர் பட்டம் வாங்கியவர். அதற்குப் பிறகு அவர் எண்ணியதெல்லாம் தாம் ரிட்டையர் ஆக இருக்கிற நாட்களைத்தான். எழுபத்தெட்டாம் வருஷம் மார்ச் கடைசியில் அவருக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. மூப்பை ஒழிக்க வந்தவரை மூப்பு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவதா என்று தலைமுடிக்கு மை பூசிக்கொண்டே புலம்புவார்.

இந்த இடத்துக்குத்தான் கல்பாத்தி அபயாம்பாள் வந்து சேர்ந்தாள். பம்பாயில் நல்ல வேலையை விட்டுவிட்டு, முப்பது ஊறுகாய் பாட்டில்களோடு வந்தாள். பாட்டில்களுக்குள் ஈ. வீட்டு ஈ இல்லை; கனிந்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, கடுகளவு ஈ, அது. மறையூர் வெல்லத்தையும் சோளமாவையும் கிளறி அதற்கு ஆகாரம். நிலையத்தில் உண்மையிலேயே ஆராய்ச்சி செய்ய ஒருத்தி வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் எங்களுக்கெல்லாம் கைகால் ஓடவில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு விதிகளில் ஏற்பாடே கிடையாது.

"என்னதான் பண்ணப்போறே இதுகளை வெச்சுண்டு?" என்று நான் கேட்டேன்.

"கேட்டேளா மாமா, நம்ம உடம்புல ஒவ்வொரு அணுவுக்குள்ளயும் புரதம்னு ஒண்ணு நூலா உண்டாறது. நூலா இருந்தா பிரயோஜனமில்லை. ஒம்பது கஜத்தை மடிச்சுக் கட்டினாத்தானே புடவை? அதுபோல அது சரியா மடிஞ்சாத்தான் வேலை செய்யும். சூடு பட்டா, வயசானா, மடிப்புக் கொலையறது. கொலைஞ்சதெல்லாம் ஒண்ணோடொண்ணு ஒட்டிண்டு, வேகவெச்ச முட்டையாட்டம் கட்டிப்போறது. அதாக்கும் மூப்புன்னு நான் நெனைக்கறேன்."

"சரி, அதுக்கு ஈ என்ன பண்ணும்?"

"ஈயை ஸ்வல்பம் பயமுறுத்தினா, கொஞ்சமே கொஞ்சம் சூடு காட்டினா, அணு முழிச்சுண்டு புதுசா சில புரதத்தை உண்டாக்கறது. அது இப்போ சமீபத்திலேதான் கண்டுபிடிச்சா வெளிநாட்டிலே. அந்தப் புதுசு என்ன பண்றதுன்னு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. கொலைஞ்ச மடிப்பை நீவிவிடறதுன்னு என்னோட ஊகம். அப்படின்னா, லேசா சூடு பட்ட ஈ அதிக நாள் ஜீவிக்கணுமோ இல்லையோ?"

பாட்டில்களில் பாதியைச் சும்மா வைத்தாள். மற்றப் பாதியைத் தினமும் மத்தியானம் சற்று நேரம் வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி எடுத்து, பிறகு ஈரத்துணி சுற்றி நிழலில் வைத்தாள். இதற்கென்றே ஜெர்மனியிலிருந்து ஒரு வெப்பப்பெட்டி வந்திருந்தது. அதில் இயக்குநரின் மத்தியானச் சாப்பாடு இருந்ததால் ஈக்களுக்கு இடமில்லை.

அவளுடைய முதல் கூட்டத்து ஈக்கள் வெள்ளையடிப்பில் செத்தன. இரண்டாம் கூட்டம், மந்திரி வருகிறார் என்று கட்டிடம் முழுக்க ஈ மருந்து அடித்ததில் செத்தது. ஈ ஆராய்ச்சியைப் பார்க்க வந்த மந்திரி, ஒரு ஈகூட இல்லாத சுத்தத்தைப் பாராட்டி எங்களுக்குக் கேடயம் கொடுத்தார். இது மூன்றாம் கூட்டம். இதுவும் கெட்டால் அவளுடைய தற்காலிகப் பதவி போய்விடும். கடைசி ஈ வரைக்கும் ஒவ்வொன்றும் தானாக, வயசாகி, கைபடாமல் சாக வேண்டும். அப்போதுதான் அவள் எழுதுவது ஆராய்ச்சி. இல்லாவிட்டால் வெறும் ஈ.

சும்மா இருந்த ஈக்கள் ஒரு மாசத்தில் வரிசையாக விழுந்தன. சூடு பட்டவை விழவில்லை. பாட்டில் சுவரில் குடுகுடுவென்று ஏறின. அபயாம்பாள் ஓடிவந்து என் மேஜையில் இருந்த வெல்லத்தை எடுத்து என் வாயிலேயே போட்டாள்.

இயக்குநரிடம் சொன்னது நான்தான். அவர் பெட்டியிலிருந்து சாம்பாரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா, கஷ்டப்பட்டவனுக்கு மூப்பு கிடையாதுங்கறே?"

"ஈக்கு, சார்."

"ஈ என்ன, இயக்குநர் என்ன! நான் முப்பது வருஷம் அரசாங்க உத்தியோகத்திலே பட்ட கஷ்டம் எந்த ஈ பட்டிருக்கும்? விஞ்ஞானப்படி எனக்கு இப்போ முப்பத்தெட்டு நடக்கறதாக்கும். சர்வீஸ் நீட்டிப்புக்கு எழுது!"

எழுதினேன். ஈக்களை ஆதாரமாகக் காட்டி, அவற்றைப் போலவே தாமும் தளராதிருப்பதாகவும், வேண்டுமானால் சுவரில் ஏறிக் காட்டவும் தயார் என்றும் எழுதினேன். சுவர் என் சொந்தச் சரக்கு. அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

மனுவில் சொன்ன அந்த ஈக்களைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து துறைச் செயலாளரே காரில் வந்து இறங்கினார். பூர்வீகம் தமிழர், ஆனால் தமிழைத் தலைமைச் செயலக மலையாளத்தில் முக்கி எடுத்துத்தான் பேசுவார். ஈக்களை மூன்று நிமிஷம் பார்த்தார். எங்கள் வளாகத்திலேயே இருந்த பென்ஷன் கவுண்டரை அரைமணி நேரம் பார்த்தார். துறையின் பழைய ஊழியர்கள் மாசாமாசம் அங்கேதான் வரிசையில் நின்று பென்ஷன் வாங்குவார்கள். வாங்கும் முன்னால் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். நேரில் வந்து நிற்பது மட்டும் போதாது. அதை வேறு யாராவது பார்த்ததாகச் சொல்ல வேண்டும்.

அன்று மாலை கூட்டத்தில் செயலாளர் பேசியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"சகோதரர்களே! இத்தனை காலம் பொதுஜனம் நம்மை ஆக்ஷேபித்தது. ஒரு காரியத்துக்கு ஒன்பது தடவை நடக்க விடுகிறார்கள் என்றது. நானும், சத்தியம் பறையட்டே, ஒரு குற்ற உணர்ச்சியிலேதான் ஜீவித்தேன். என்னுடைய முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு மனுஷனைக்கூட முதல் தடவையிலே காரியம் முடித்து அனுப்பியதில்லை. அது என் சுபாவக்கேடு என்று என் பாரியாள் சொல்வாள். இன்றைக்கு இந்த ஈ, இந்த ஈச்சை மூலமாக எனக்கு மனஸ்ஸிலாயி. அது சுபாவக்கேடல்ல. ஆயுர்தானம்! நாம் அறியாமலே ஜனங்களின் ஆயுளை வர்த்திப்பித்துக் கொண்டிருந்தோம். இனி அறிந்தே செய்வோம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பியூன் உள்பட அத்தனை பேரும் தங்கள் வாழ்நாளில் எத்தனை பேருடைய ஆயுளை நீட்டியிருக்கிறோம் என்று நினைத்து நெகிழ்ந்துபோயிருந்தோம்.

மறுநாளே லகு கஷ்டத் திட்டம் பிறந்தது. முதல் வேலையாக நிழல் நிவாரணக் கமிட்டி ஒன்று அமைத்தார்கள். நிலையத்தில் குளிர்சாதனம் இருந்த ஒரே அறையில் அது கூடி, பென்ஷன் கவுண்டர் முன்னால் இருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கழற்ற முடிவு செய்தது. உத்தரவில் கையெழுத்து டாக்டர் வெங்கிடாசலம். குடிதண்ணீர்ப் பானையை வரிசையின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, பென்ஷன் வாங்கி முடித்தவர்கள் மட்டும் குடிக்கும்படி உள்ளே வைத்தார்கள். பெஞ்சுகளை எடுத்தார்கள். பெஞ்சு இருந்த இடத்தில், "இங்கே உட்கார்ந்தவர்கள் இப்போது இல்லை" என்று ஒரு பலகை வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

மார்ச் மாசத்துப் பென்ஷன் நாளில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடுப்பைத் திறந்தாற்போல் வீசியது. வரிசையில் நின்றவர்களில் துறையின் பழைய ஜீப் டிரைவர் குப்பண்ணனும் ஒருவர். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கூரை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க சூப்ரண்டு, கூரைய எந்தக் காத்துங்க தூக்கிட்டுப் போச்சு?"

"விஞ்ஞானம் கொண்டுபோச்சு குப்பண்ணா. வெயிலிலே நின்னா ஆயுசு கூடுமாம். ஈயை வெச்சு நிரூபிச்சாச்சு."

"அந்த ஈ எத்தன நேரமுங்க நிக்கும்?"

"ஒரு வெத்தலை போடற நேரம்."

"நாங்க காத்தாலருந்து நிக்கறமுங்க. அப்பிடிப் பாத்தா நாங்கெல்லாம் சாவவே மாட்டம்போல இருக்குதுங்களே! பொறவு இந்த எளவெடுத்த கவுண்டருக்கு மாசாமாசம் எத்தன வருசந்தான் வாறது?"

வரிசையில் ஒரு கிழவர் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். உட்காருவது திட்டத்துக்கு விரோதம் என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. அபயாம்பாள் ஆய்வுக்கூடத்திலிருந்து ஈரத்துணியோடு ஓடிவந்து அவர் தலையில் போட்டாள். நேரே இயக்குநர் அறைக்குப் போனாள்.

"இதென்ன அக்கிரமம்! ஸ்வல்ப நேரம் சூடு, அதுக்கப்பறம் நாளெல்லாம் நிழல், ஆகாரம், ஓய்வு. அந்த ஓய்விலேதான் அணு தன்னைச் சரிபண்ணிக்கறது. சூட்டை மட்டும் குடுத்தா ஈ அன்னிக்கே போயிடும். நான் எழுதியிருக்கேனே!"

"எழுதியிருக்கே, நானும் வாசிச்சேன்" என்றார் இயக்குநர். "சூட்டுக்கு வழி இருக்கு, குடுத்தாச்சு. ஓய்வுக்குன்னு பட்ஜெட்டிலே தலைப்பே இல்லியே அம்மா. அடுத்த ஐந்தாண்டுத் திட்டத்திலே சேர்ப்போம்."

அடுத்த வாரம் தணிக்கைக்காரர் வந்தார். ஏசுரத்தினம், சக்குபள்ளத்து ஏலத்தோட்டக் குடும்பம். ஏலக்காயைத் தோலை உரித்து மணியைப் பார்க்கிற பழக்கத்தில் எதையும் உரித்துத்தான் பார்ப்பார். ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து பாட்டில்களை மூக்கருகே வைத்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஈயோட ஆயுசு ஒரு மாசம்னு இந்தம்மாவே எளுதிக் குடுத்து, ஸ்டோர்லயும் பதிஞ்சிருக்கு. மாசம் ரெண்டு களிஞ்சும் பறந்துக்கிட்டுத் திரியுது?"

"அதுகள் சாகலைங்கறதுதான் ஸார் கண்டுபிடிப்பே!"

"கண்டுபிடிப்புக்கு யாரும்மா அனுமதி தந்தது? மேசைக்குப் பத்து வருசம், ஜீப் டயருக்கு முப்பதாயிரம் மைல், ஈக்கு ஒரு மாசம். ஆயுசு முடிஞ்ச அரசாங்கப் பொருளக் களிச்சுக்கட்டி ஏலம் விடணும். விடாம வச்சுக்கிட்டு வெல்லத்தயும் திங்கக் குடுத்துருக்கீங்க. இது யாரு தலையில விளும்? இயக்குநர் பென்சன்ல புடிப்போம்."

பென்ஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் டாக்டர் வெங்கிடாசலத்தின் முப்பத்தெட்டு வயசு ஒரே மூச்சில் எழுபத்தெட்டு ஆயிற்று. அபயாம்பாள் கைகூப்பினாள். "இன்னும் கொஞ்ச நாள் ஸார். பாதிக்கு மேலே ஏற்கெனவே போயாச்சு. மிச்சமும் தானாப் போயிடட்டும். அதுவரைக்கும் தொடாதீங்கோ."

"உன் ஈ போறதுக்குள்ள என் பென்ஷன் போயிடும்" என்றார் அவர். கழிவுச் சீட்டில் காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு. தம் கைப்படவே எழுதினார்: "முதுமையால் தளர்ந்து பயனற்றுப்போனவை." கீழே கையெழுத்து, முத்திரை. நான் அதற்கு இரண்டு நகல் எடுத்தேன். ஒன்று விதிப்படி, இன்னொன்று என் சந்தோஷத்துக்கு.

ஏலம் விடுகிற பொறுப்பு என்னுடையது. சந்தை நாளன்று கொடிக்கம்பத்தடியில் கை உடைந்த நாற்காலிகள், ஓட்டை வாளி, ஜீப் டயர், இவற்றோடு உயிருள்ள ஈக்கள் அடங்கிய பாட்டில்கள். நிலைய ஊழியர்கள் ஏலம் கேட்கக்கூடாது என்பது விதி. அபயாம்பாள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குப்பண்ணன் மட்டும் அவள் பக்கத்தில் போய் ஏதோ சொல்லிவிட்டு வந்து முன்வரிசையில் நின்றார்.

பாட்டில்களுக்கு மெய்யான போட்டி இருந்தது. பொள்ளாச்சியிலிருந்து வந்த பழைய பாட்டில் வியாபாரி ஒருவன், சுருட்டை முடியில் எண்ணெய் வழிய, ஒரு பாட்டிலை எடுத்து மூடியில் கை வைத்தான்.

"வாய் கீறியிருக்குதான்னு தொறந்து பாக்கோணுமுங்க. ஈயத் தட்டிக் கொட்டிட்டாப் போச்சு."

அபயாம்பாளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் விதியைத் தேட ஆரம்பித்தேன்; சமயத்துக்கு ஒரு விதியும் அகப்படவில்லை. குப்பண்ணன்தான் நிதானமாக மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பினார்.

"தம்பி, கண்ணாலம் ஆயிருச்சா?"

"வைகாசியிலீங்க."

"அப்பத் தொறக்காத சாமி. அது மூப்பு நோவு ஈ. போன மாசம் ஒருத்தன் தொறந்தான். வெள்ளாமைக்குப் போன கருத்த தலை, பொழுதெறங்க ஊட்டுக்கு வாறப்ப வெள்ளத் தலை. பொண்டாட்டியே பண்டாரம்னு நெனச்சு அரிசி போட்டாளாமா. இவத்தவே பாரு, இந்த ஆபீசுல ஒருத்தனாச்சும் மை பூசாம இருக்கறானான்னு!"

வியாபாரி எங்கள் எல்லோர் தலையையும் பார்த்தான். குறிப்பாக இயக்குநர் தலையை. வெயிலில் மை வழிந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டிலை மெதுவாக, குழந்தையைக் கிடத்துவதுபோலக் கீழே வைத்துவிட்டு டயரை வாங்கிக்கொண்டு போனான். நான் ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒரே தும்மலில் சொல்லி முடித்தேன். அடிமாட்டு விலைக்கு அத்தனை ஈயும் குப்பண்ணனுக்குச் சொந்தமாயின.

அவருடைய மனைவி கமலாத்தாள் வாசலிலேயே மறித்தாளாம்.

"ஏனுங்க, மனுசருக்குத் தண்ணி வாத்துக்க வெறகு இல்ல. ஈக்கு வெந்நி வெக்கோணுமா?"

"ஈக்கு இல்ல புள்ள. இந்த அம்மிணிக்கு."

கமலாத்தாள் அபயாம்பாளின் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அண்டாவை அடுப்பில் ஏற்றினாள். அப்புறம் அந்த வீட்டில் நெல்லிக்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இந்திய விஞ்ஞானம் நடந்தது. மத்தியானம் வெந்நீர், பிறகு கிணற்றடி நிழல். அபயாம்பாள் லீவு போட்டுவிட்டு அங்கேயே கிடந்தாள். கமலாத்தாள், பக்கத்து வீட்டுக்காரர்களை உரக்கப் பேசக்கூட விடவில்லை. ஈ பயந்துக்குமாம்.

இதற்குள் இயக்குநரின் நீட்டிப்பு மனுவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. செயலாளரே ஃபோனில் பேசினார். இயக்குநர் கேட்டதைவிட நான் ஒட்டுக்கேட்டது அதிகம்.

"வெங்கிடாசலம், நிங்ஙள் எழுதியிருக்கிறீர்கள், கஷ்டப்பட்ட ஈக்களைப் போலவே நானும் என்று. ஷரி. அந்த ஈக்கள் எவிடே?"

"ஏலத்திலே… போயிடுத்து, ஸார்."

"எந்தினு? எதற்காக?"

இயக்குநர் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"ஞான் வாசிக்கட்டே. முதுமையால் தளர்ந்து பயனற்றுப்போனவை. நிங்ஙளுடைய சொந்தக் கையெழுத்து. அப்போள் நிங்ஙளும் அதேபோலே அல்லே? விஞ்ஞானம் விஞ்ஞானம்தான். ரிட்டையர் ஆயிக்கோளூ."

மார்ச் கடைசி நாளில் மாலை போட்டு வழியனுப்பினோம். "மூப்படையாத உள்ளம் படைத்தவர்" என்று ஒரு வாழ்த்துமடல் வாசித்தேன். அன்றைக்கே எனக்கும் ஓய்வு. என் மாலை அவருடைய மாலையைவிடச் சின்னது. ஆனால் பூ நிஜம்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் அபயாம்பாள் குப்பண்ணன் வீட்டிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்து என் வாசலில் நின்றாள். "மாமா! செத்துப்போயிடுத்து! கடைசி ஈயும் தானாவே, வயசாகி, நிம்மதியா செத்துப்போயிடுத்து!" கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. கமலாத்தாள் அந்தச் சாவுக்குப் பாயசம் வைத்தாள். அடுத்த வருஷம் கட்டுரை வெளிநாட்டில் அச்சாயிற்று. ஆய்வு நடந்த இடம், குப்பண்ணன் வீடு, கொழிஞ்சாம்பாறை என்று அதில் போட்டிருந்தாள். பெங்களூரில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஏலத்தில் விற்றது பாட்டிலும் ஈயும் மட்டுமே, கண்டுபிடிப்பு விற்கப்படவில்லை, ஆகவே அதை உடனே நிலையத்தில் ஒப்படைக்கவும் என்று துறையிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் போயிற்று. அதை அவள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது மே மாசத்துப் பென்ஷன் நாள். டாக்டர் வெங்கிடாசலத்தின் முதல் பென்ஷன். கவுண்டர் முன்னால் பொட்டல் வெளியில் அவர் நின்றார். அவருக்கு முன்னால் குப்பண்ணன், பின்னால் நான். உள்ளேயிருந்து ஒரு பையன் எட்டிப் பார்த்து, அவர் உயிரோடிருப்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போனான். மை கழுத்துவரைக்கும் இறங்கியிருந்தது.

"இதென்ன அநியாயம்! வயசானவாளை இப்படிக் கொல்றாளே! இந்தக் கூரையை எந்த மடையன் கழட்டினான்?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குப்பண்ணன் மட்டும் மரியாதையாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்.

"சித்த அக்கட்டால நில்லுங்க சார். என்ற நெழலு உங்க மேல உளுகுதுங்க. உங்களுக்கு நூறு வருசம் ஆயுசு வேணுமில்லீங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். என் கையில் குடை இருந்தது. பெரிய குடை, தாராளமாக இரண்டு பேருக்குக் காணும். அதன் ஓரம் அவர் தோளில் கொஞ்சம் பட்டுக்கொண்டிருந்தது.

விஞ்ஞானத்துக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது. நான் குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டேன்.